அலுமினிய மிதவைப் படகு வெள்ளையாகப் பூத்துப் போகிறது: பாலிஷா, பெயிண்டா?

நாங்குநேரி_மீன்குட்டை

எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரிக்குத் தெற்கே இரண்டரை ஏக்கரில் மீன் குட்டை வைத்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிருகால். தீவனம் போடவும் வலை இழுக்கவும் போன வருடம் கொல்லத்தில் ஒரு பழைய பான்டூன் படகு வாங்கினேன். தெரியாதவர்களுக்கு: நீளமாக இரண்டு அலுமினிய உருளை, அதன் மேல் குறுக்குச் சட்டம், அதற்கும் மேல் தட்டையான தளம், அவ்வளவுதான். காயலில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்த படகு. லாரியில் கொண்டுவரும்போது ஆரல்வாய்மொழியில் டீ குடிக்க நிறுத்தினோம். கடையில் ஒருத்தர், “அண்ணாச்சி, இது மகேந்திரகிரிக்குப் போற ராக்கெட்டா?” என்று கேட்டார். அப்படி மின்னியது.

பதினோரு மாதம்தான் ஆகிறது. இப்போது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கிறது. விரலால் தடவினால் சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. அதைத் தேய்த்து எடுத்தால் உள்ளே கடுகளவில் குழிகள். தளத்தில் புண்ணாக்குச் சாக்கு அடுக்கி வைக்கும் இடத்தைக் கழுவிப் பார்த்தால், சாக்கின் பின்னல் அப்படியே தகட்டில் அச்சாகியிருக்கிறது, குறுக்கும் நெடுக்குமாக.

மைத்துனர் பஃபிங் போட்டு மறுபடி கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாம் என்கிறார். பெயிண்ட் கடைக்காரர் இரண்டு கோட்டு அடித்தால் தீர்ந்தது என்கிறார். எதைச் செய்ய?

சும்மா_வந்தவன்

திருநெல்வேலியில் பான்டூன் படகா? ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கே வழியில்லாத வருடங்கள் உண்டு. ஈயம் பூசிவிடுங்க அண்ணாச்சி, பித்தளை அண்டாவுக்குப் பூசுற மாதிரி.

ஆர்கான்_பட்டறை

பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன், அலுமினிய வெல்டிங்தான் பிழைப்பு. முதலில் ஒன்று சொல்கிறேன்: பஃபிங் வீலைக் கையில் எடுக்காதீங்க. பெயிண்ட் டப்பாவையும் திறக்காதீங்க. எதனால் அரிக்கிறது என்று தெரியாமல் மேலே என்ன பூசினாலும் அடியில் அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அதுவும் பெயிண்ட் அடித்த அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ஒரு இடத்தில் கூடிக்கொண்டு தின்னும். பெயிண்டைச் சுரண்டினால் தகடு தோசைக்கல்லில் சுட்ட அப்பளம் மாதிரி உப்பி நிற்கும், பார்த்திருக்கிறேன்.

இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. குட்டைத் தண்ணீர் கால்வாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா? படகில் பித்தளை, செம்பு, இரும்பு எங்கெங்கே இருக்கிறது? காற்றடிக்கும் ஏரேட்டர் வைத்திருக்கிறீர்களா, அதன் வயர் படகைத் தொடுகிறதா? கரையில் ஏற்றும்போது எதன் மேல் வைக்கிறீர்கள்?

அப்புறம், இரும்புக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தீர்களா? தேய்த்திருந்தால் நிறுத்துங்க. இரும்புத் தூள் மெத்தென்ற அலுமினியத்துக்குள் பதிந்துகொள்ளும். பிறகு அந்த இடமெல்லாம் பழுப்பாகக் கசியும். நைலான் பிரஷ், இல்லாவிட்டால் பச்சைத் தேய்ப்பான் போதும்.

பாத்திரக்கடை_வீட்டுப்பெண்

எனக்குப் படகு தெரியாது, சட்டி தெரியும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை. அலுமினியப் பாத்திரத்தை இன்னமும் ‘ஈயச்சட்டி’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

வாங்கிப் போன ஒரு மாதத்தில் “கறுத்துப் போச்சு, சரக்கு மட்டம்” என்று சண்டைக்கு வருவார்கள். ஆச்சி ஒரே கேள்விதான் கேட்பாள்: “எதைப் போட்டுத் தேச்சே?” சோடா உப்பு, இல்லை என்றால் துணிக்குப் போடும் சோப்புத்தூள். காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும். சப்புத் தண்ணீரைத் தினமும் கொதிக்க வைத்தாலும் உள்பக்கம் கறுக்கும். அதற்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு பழம்புளியைக் கரைத்துக் கொதிக்க விட்டால் வெளுத்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குழம்பு வைத்துவிடாதீர்கள்.

அதனால் படகை எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற_வேதியியல்

பாத்திரக்கடைப் பெண் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முப்பது வருடம் வகுப்பெடுத்த பழக்கம்.

அலுமினியம் உண்மையில் மிகவும் துடிப்பான உலோகம். காற்றுப் பட்டவுடனே தன்மேல் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர், தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே வழி விடும். இந்தத் தோல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆகவே படகு மங்கலாகிவிட்டது என்பது நோய் அல்ல. மங்கல்தான் அதன் சட்டை. பஃபிங் போடுவது அந்தச் சட்டையைக் கழற்றுவது.

ஆனால் இந்தத் தோல் நிலைத்திருப்பது பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, ஏழு நடுநிலை) சுமார் 4 முதல் 8.5 வரைதான். அதற்குக் கீழே அமிலம் கரைக்கும், மேலே காரம் கரைக்கும். உங்கள் குட்டையின் பிஎச் என்ன? காலையில் பார்த்துவிட்டு ‘ஏழரை, சரியாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் என்றால், வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச மதியத்துக்கு மேல் பிஎச் ஒன்பதைத் தாண்டக்கூடும். இரவில் எல்லாம் மூச்சுவிட, மறுபடி இறங்கும். மாலை மூன்று மணிக்கு ஒரு தடவை பாருங்கள்.

நாங்குநேரி_மீன்குட்டை

ஐயா சொன்னபடி பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 7.7. மாலை மூன்றரைக்கு 9.3! மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பக்கத்துக் குட்டைக்காரரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன், அதிலும் அதேதான்.

ஆர்கான் அண்ணாச்சிக்குப் பதில்: மழை மாதத்தில் கால்வாய்த் தண்ணீர் வந்து விழும், பங்குனியிலிருந்து முழுக்கப் போர்தான். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, இப்போது 1150. வாயில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கும். ஏரேட்டர் உண்டு, படகைத் தொடவில்லை. கரையில் பனந்தடி போட்டு அதன்மேல் ஏற்றி வைத்தேன், டிசம்பர் மழை முழுவதும் அங்கேதான் கிடந்தது. உருளையின் பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் மூடி இரண்டும் பித்தளை.

சோப்புத்தூள் போட்டுத்தான் கழுவினேன். தினமும் இல்லை. ஆனால் நிறையத்தான்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பாசிக்காக இரண்டு முறை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டேன். மூட்டையைப் படகில் வைத்துத்தான் கரைத்து ஊற்றினேன்.

ஓய்வுபெற்ற_வேதியியல்

மயில்துத்தமா! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் மயில்துத்தத்தைக் கரையுங்கள், நீலத் தண்ணீர். பலகாரம் சுற்றுகிற அலுமினியத் தாளில் ஒரு துண்டைப் போடுங்கள். சும்மா மிதக்கும், அவ்வளவாக ஒன்றும் ஆகாது. தோல் காப்பாற்றுகிறது. இப்போது ஒரு சிட்டிகை கல்லுப்பு போடுங்கள். குமிழி கிளம்பும், தம்ளர் சூடாகும், தாள் ஓட்டை ஓட்டையாகக் கிழிந்து அடியில் செம்மண் மாதிரி ஒரு தூள் சேரும். அது செம்பு. உப்பிலுள்ள குளோரைடு தோலைத் துளைக்கிறது. துளை வழியே செம்பு அயனி அலுமினியத்தைத் தொட்டு, தான் உலோகமாகப் படிந்து அலுமினியத்தைக் கரைத்து வெளியே அனுப்புகிறது. (வாசலில் வைத்துச் செய்யுங்கள், அதை முகர்ந்து பார்க்காதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.)

உங்கள் குட்டையில் இது மெதுவாக நடக்கிறது. துத்தம் மிகக் குறைந்த அளவே போதும். ஒவ்வொரு செம்புப் புள்ளியும் ஒரு குட்டி பேட்டரி. புள்ளியைச் சுற்றிக் கடுகளவில் குழி. உப்புத் தண்ணீரைப் போரிலிருந்து நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

ஆர்கான்_பட்டறை

பித்தளை மூடியும் அதே கதைதான், செம்பு கலந்ததுதானே. மூடியைக் கழற்றி அதன் வாயைச் சுற்றி விரலை விட்டுப் பாருங்க. பள்ளமாக, சொரசொரவென்று இருக்கும். நைலான் மூடி போடுங்க. ஸ்டெயின்லெஸ் போல்ட்டு தவிர்க்க முடியாத இடத்தில் நைலான் வாஷரும் புஷ்ஷும் கொடுத்து, உலோகத்தோடு உலோகம் ஒட்டாமல் செய்யுங்க.

பனந்தடிக்கு: ஈரமான மரத்தில் ஒட்டிக் கிடந்தால் அங்கே காற்று போகாது, தோல் திரும்ப வளராது. சாக்கு அச்சும் அதனால்தான். எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏற்றுங்க, தண்ணீர் தங்காது. தளத்தில் சாக்குக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டி வைத்து நாலு விரற்கடை உயர்த்துங்க. செம்பு மருந்து ஏற்றிய மரப் பலகையைத் தளத்துக்குப் போட்டிருந்தால் அதையும் தூக்குங்க.

உவரி_அலைவாய்

எங்கள் வள்ளங்களின் உடம்பு ஃபைபர்தான், ஆனால் அவுட்போர்டு மோட்டாரின் கால் அலுமினியம். அதில் ஒரு கட்டை முடுக்கியிருப்பார்கள், அனோடு. அலுமினியத்துக்குப் பதிலாக அது கரைந்து போகும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுவோம். அதன்மேல் பெயிண்ட் அடித்து அழகு பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அடித்தால் அது வேலை செய்யாது.

உங்கள் படகு காயலில் ஓடியது என்றால் துத்தநாகக் கட்டை இருந்திருக்கும். பாருங்கள்.

நாங்குநேரி_மீன்குட்டை

இருக்கிறது, இரண்டு. புத்தம்புதுசு மாதிரி முழுசாக இருக்கிறதே, சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உவரி_அலைவாய்

முழுசாக இருந்தால் அது வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். துத்தநாகம் கடல் தண்ணீருக்கானது. நன்னீரில் சில மாதத்தில் மேலே கெட்டியாக ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். நன்னீருக்கு மெக்னீசியம், இரண்டுங்கெட்டான் தண்ணீருக்கு அலுமினியக் கலவை அனோடு.

சும்மா_வந்தவன்

மெக்னீசியம் எங்கே கிடைக்கும்? வாட்டர் ஹீட்டர் பழுது பார்க்கும் கடையில் கேளுங்கள், தண்ணீர் தொட்டிக்குள் நீளக் கம்பியாக இருப்பது அதுதான். இதையாவது உருப்படியாகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற_வேதியியல்

கம்பி கிடைக்கும், நல்ல யோசனைதான். ஆனால் 1150 டிடிஎஸ்ஸுக்கு மெக்னீசியம் வேண்டாம் என்பேன். உப்பு ஏற ஏற அது வெறிகொண்டு வேலை செய்யும். சீக்கிரம் கரைவது ஒரு பக்கம். அது அளவுக்கு மீறித் தள்ளும்போது படகின் மேற்பரப்பிலேயே காரம் உண்டாகும். காரம் அலுமினியத்துக்கு என்ன செய்யும் என்று மேலே பேசிவிட்டோம். அலுமினிய அனோடு போடுங்கள்.

உவரி_அலைவாய்

மழை மாதத்தில் கால்வாய்த் தண்ணீர் நிறைந்து டிடிஎஸ் இருநூறுக்கு வந்தால் அலுமினிய அனோடும் மந்தமாகிவிடுமே ஐயா. இரண்டு பருவம், இரண்டு தண்ணீர். நான் என்றால் மழைக்காலத்தில் மெக்னீசியம், கோடையில் அலுமினியம் என்று மாற்றி மாற்றி முடுக்குவேன்.

ஓய்வுபெற்ற_வேதியியல்

மழைக்காலத்தில் படகைக் கரையில் ஏற்றிவிடுவதாகத்தானே தம்பி எழுதியிருக்கிறார்? அப்போது அனோடே வேண்டாம். எதை முடுக்கினாலும் அடியில் பெயிண்ட், பொடி எதுவும் இல்லாமல் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி முடுக்குங்கள்.

பளபள_பாளையங்கோட்டை

கார் டீட்டெயிலிங் செய்கிறேன். பாலிஷ் என்றாலே எல்லோரும் அடிக்க வருகிறீர்கள். முறையாகச் செய்தால் தப்பில்லை. 400, 600, 1000 என்று உப்புத்தாள் ஏற்றி, காம்பவுண்டு வைத்துக் கம்பளித் திண்டில் ஓட்டி, கறுப்பு மை போவதுவரை துடைத்து, அன்றைக்கே அக்ரிலிக் சீலர் என்ற காப்புப் பூச்சு ஏற்ற வேண்டும். சீலர் போடாமல் விட்டால்தான் இரண்டே வாரத்தில் மங்கும். போட்டால் ஒரு வருடம் தாங்கும்.

ஆர்கான்_பட்டறை

தம்பி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிற படகுக்கு நீங்க சொல்வது சரி. இவர் படகில் வலை உரசும், மணல் உரசும். தண்ணீர் மட்டத்தில் சீலர் மூன்று மாதம் நின்றால் பெரிது. சுரண்டி விட்டு மறுபடி போடணும், ஒவ்வொரு தடவையும் தகடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வேலை பார்க்கிற அலுமினியப் படகுகளைத் தண்ணீருக்கு மேலே பெயிண்ட் இல்லாமல் சாம்பல் நிறத்திலேயே ஓட்டுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பளபள_பாளையங்கோட்டை

அடியில் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். கைப்பிடிக் கம்பிக்காவது?

நாங்குநேரி_மீன்குட்டை

சனிக்கிழமை படகைக் கரையேற்றினோம். அதற்குள் ஒருவர் கடைக்குப் போய்க் கக்கூஸ் கழுவும் ஆசிட் நாலு பாட்டில் வாங்கி வந்துவிட்டார். (யார் என்று சொல்ல மாட்டேன், ‘மை’ என்று ஆரம்பிக்கும்.) அது சரிதானா?

ஓய்வுபெற்ற_வேதியியல்

கூடவே கூடாது! அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடும் அமிலமும் சேர்ந்து வருகிறது. குழியை ஆழமாக்கும். குட்டைக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருந்து அதில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். ஏசி கழுவுகிறவர்கள் வைத்திருக்கும் ‘அலுமினியம் பிரைட்னர்’ சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அலுமினியத்தைப் பத்து நொடியில் வெளுக்கும்தான். ஆனால் தோலில் பட்டால் முதலில் எரியாது, சில மணி நேரம் கழித்து எலும்புவரை போகும். அதைத் தொடாதீர்கள்.

எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ.

பாத்திரக்கடை_வீட்டுப்பெண்

புளியே போதும் என்று ஆச்சி சொல்லியிருப்பாள். ஆனால் ஒரு படகு அளவுக்குப் புளி என்றால் விலை கேட்டு அவளே மயங்கிவிடுவாள்.

ஆர்கான்_பட்டறை

கழுவும்போது கீழிருந்து மேலே போங்க. மேலிருந்து ஊற்றினால் வழிகிற கோடெல்லாம் தனியாகத் தெரியும், பிறகு போகாது. வெயிலில் செய்யாதீங்க, காய விடாதீங்க. கால்வாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து அலசுங்க, போர் தண்ணீரில் அலசினால் உப்பு மறுபடி உட்கார்ந்துவிடும். கழுவின தண்ணீர் குட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்க.

பிறகு ஒவ்வொரு குழியையும் அளங்க. தையல் ஊசியை ஒரு துண்டு தெர்மோகோலில் குத்தி, தெர்மோகோல் தகட்டில் அமரும்வரை ஊசியைக் குழிக்குள் இறக்கி, வெளியே எடுத்து நீட்டியிருப்பதை வெர்னியரில் பாருங்க. தகடு எத்தனை மில்லி, தெரியுமா?

நாங்குநேரி_மீன்குட்டை

இரண்டரை. ஆழமான குழி 0.8. மூடிக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் 1.4. மூடி வாயில் நீங்கள் சொன்னமாதிரியே பள்ளம், அண்ணாச்சி நேரில் வந்து பார்த்தாரோ என்று நினைத்தேன்.

ஆர்கான்_பட்டறை

0.8-ஐ விட்டுவிடுங்க, மாவாக இருப்பதைச் சுரண்டி எபாக்ஸி அடைத்தால் போதும். 1.4 இருக்கிற இடத்துக்கு ஆர்கான் வைத்து ஒரு ஒட்டு போடணும். வெல்டிங் வைக்கும்முன் வடிமூடியைக் கட்டாயம் திறந்து, உள்ளே காற்றோட்டம் கொடுத்திருக்கணும். மூடிய உருளையைச் சூடாக்கினால் காற்று விரியும். உள்ளே தண்ணீர் நின்று அரித்திருந்தால் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும், அது தீப்பிடிக்கும்.

ஒட்டு வைத்த பிறகு சைக்கிள் பம்பால் இரண்டு பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பாருங்க. இரண்டுக்கு மேல் வேண்டாம். டயருக்கு அடிக்கிற கம்ப்ரஸரை வைத்து ஒருத்தர் தையலையே பிளந்துகொண்டு என்னிடம் வந்தார்.

நாங்குநேரி_மீன்குட்டை

மூன்று மாதம் கழித்து வருகிறேன், கேட்டவர்களுக்காக.

எலுமிச்சை உப்பில் கழுவினோம், இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. வெள்ளைப் பொடி போனது, பளபளப்பு வரவில்லை, மழைமேக நிறத்தில் இருக்கிறது. பித்தளை மூடிக்குப் பதில் நைலான். உருளைக்கு இரண்டாக நாலு அலுமினிய அனோடு, இப்போதே ஓரம் கரையத் தொடங்கியிருக்கிறது. அதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது. சாக்கு இப்போது தட்டி மேல். மயில்துத்தம் நிறுத்தியாயிற்று. தீவனத்தைக் குறைத்து, பாசி தின்ன வெள்ளிக்கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறேன். மாலை பிஎச் 8.6-க்கு வந்திருக்கிறது. சில நாள் 8.9.

குழி ஆறை மட்டும் எபாக்ஸி அடைக்காமல் விட்டு, மார்க்கரில் வட்டம் போட்டு வைத்தேன். நேற்று ஊசி வைத்துப் பார்த்தால் 0.8 இன்னமும் 0.8.

மைத்துனரைச் சும்மா விட முடியாதே. கைப்பிடிக் கம்பியை மட்டும் அவரிடம் கொடுத்தேன். பாளையங்கோட்டைத் தம்பி சொன்ன முறைப்படி இரண்டு நாள் தேய்த்து, சீலர் ஏற்றி, முகம் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார். இப்போது கூந்தன்குளம் பக்கமிருந்து வருகிற நீர்க்காகம் எல்லாம் அந்தக் கம்பியில்தான் வந்து வரிசையாக உட்காருகிறது.

பளபள_பாளையங்கோட்டை

எச்சத்தை அன்றன்றைக்கே கழுவச் சொல்லுங்க அண்ணாச்சி, காய்ந்தால் சீலரையும் தின்றுவிடும்.

நாங்குநேரி_மீன்குட்டை

சொல்லிவிட்டேன். காலையில் வாளியும் துணியுமாக அவரே போகிறார்.